மீன் வாங்கப் போய்க் கடலேறிய கதை

தனியாக இருக்கும் மனிதனிடம் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் உடனே "ஓம்" என்று சொல்லிவிடுவான். என்ன கேட்கிறார்கள் என்பது அவனுக்கு முக்கியமில்லை. தன்னைப் பார்த்து ஒருவர் வாய் திறக்கிறாரே என்பதுதான் பெரிய விசயம். இதை நான் திருகோணமலை மீன்பிடித் துறைமுகத்தில், ஐஸ் கட்டிகளுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவில் வைத்துக் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வவுனியாக்காரன். குளத்து மீனைத் தவிர வேறு மீனைத் துள்ளப் பார்த்திராதவன். அரசாங்க எழுதுவினைஞர் வேலை கிடைத்து, முதல் நியமனமாகத் திருகோணமலைக்கு வந்திருந்தேன். ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். ஒரு கட்டில், ஒரு கதிரை, கதவு சரியாகச் சாத்தாத ஓர் அலுமாரி. இன்னொரு கதிரை கிடைக்குமா என்று ஒருநாள் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"ஏன் தம்பி, ஆர் வரப்போகினம்?" என்றார்.

(அவர் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். அதுதான் கூடுதலாகச் சுட்டது.)

அலுவலகத்தில் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தால் தம்பலகாமத்துக்கும் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் பறந்துவிடுவார்கள். நானும் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போயிருக்கலாம். ஆனால் வாராவாரம் ஓடிவந்தால் எனக்கு இந்த ஊர் பிடிபடவில்லை என்பதை அம்மா கண்டுபிடித்துவிடுவார். ஆகவே சனி, ஞாயிறு முழுக்க அறையிலேயே கிடந்தேன். ஒரு சனிக்கிழமை, அன்று முழுவதும் நான் பேசியதை நினைத்துப் பார்த்தேன். பேக்கரியில் சொன்ன "ஒரு றாத்தல் பாண்." அவ்வளவுதான். அதற்குக் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, பாணைத்தான் தந்தார்.

அம்மா ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கேட்பார்:

"இண்டைக்கு ஆரோட கதைச்சனி?"

"எத்தனையோ பேரோட, அம்மா. இஞ்ச எல்லாரும் நல்ல சனம்."

இப்படி இருக்கும்போதுதான் அலுவலகத்தில் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னார்: "விடியக்காலமை சீனக்குடாத் துறைமுகத்துக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ. கோயில் திருவிழா தோத்துப் போகும், அவ்வளவு சனம். மீனும் நல்ல மீன்."

எனக்கு 'சனம்' என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. மீனை வைத்து நான் என்ன செய்வது? அறையில் சமைக்க அனுமதி இல்லை. என்னிடம் இருந்த ஒரே சமையல் சாமான், தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்சாரக் கேத்தில். ஆனாலும் 'ஆட்களைப் பார்க்கப் போகிறேன்' என்று ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியாது. மீன் வாங்கப் போகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

அதே நண்பர் (நண்பர் என்று அப்போது அவரை நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்) இன்னொரு புத்திமதியும் சொல்லியிருந்தார். நல்ல உடுப்போடு போகவேண்டாம், மீன் வெடுக்கு நாற்றம் பிறகு போகாது. ஆகவே அந்தச் சனிக்கிழமை என் அத்தான் கழித்துவிட்ட வெளிறிய ரீசேட்டையும், முழங்காலுக்குக் கீழே தொங்கும் பழைய காற்சட்டையையும் போட்டுக்கொண்டேன். மீன் போடுவதற்கு, ஊரிலிருந்து வரும்போது உடுப்புக் கொண்டுவந்த பெரிய பையையே எடுத்துக்கொண்டேன். எவ்வளவு மீன் வாங்கும் திட்டம் என்று கேட்காதீர்கள். தம்பலகாமம் பக்கம் போகும் முதல் பஸ்ஸில் ஏறி, இருட்டோடு இருட்டாகச் சீனக்குடாவில் இறங்கினேன்.

துறைமுகம் ஏற்கனவே விழித்திருந்தது. பெரிய விளக்குகளின் கீழே பலநாள் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்துவிட்டு வந்தவை ஒரு பக்கம் மீனை இறக்கின. போகவிருந்தவை மறுபக்கம் ஐசும் டீசலும் ஏற்றின. ஆளுயரச் சூரை மீன்களை இரண்டிரண்டு பேராகத் தூக்கி வந்து தராசில் போட்டார்கள். லொறிக்காரர்கள் தமிழிலும் சிங்களத்திலும் கத்தினார்கள். ஐஸ் அரைக்கும் இயந்திரம் எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தியது.

அவ்வளவு பேரும் என்னோடு பேசினார்கள். ஆனால் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் பேசினார்கள்.

"விலத்து!"

இடது பக்கம் விலத்தினேன். அங்கே ஒரு தள்ளுவண்டி. "விலத்து, விலத்து!" வலது பக்கம் விலத்தினேன். அங்கே ஒரு சுறா, ஒருவரின் தோளில். பின்னால் போனேன். அது ஏலம் நடக்கும் இடம். ஏலம் கூறியவர் மூச்சு விடுவதற்கு நிறுத்திய இடைவெளியில், அதை வீணாக்காமல், என்னைப் பார்த்து "விலத்து" என்றார். ஒரு துறைமுகம் முழுவதிலும் எங்கே நின்றாலும் இடைஞ்சலாக நிற்கும் திறமை எல்லோருக்கும் வாய்க்காது. அறையில் தனியாக இருந்தபோது எனக்கு அவ்வளவு தனிமை தெரியவில்லை. ஆயிரம் பேருக்கு ஆயிரம் வேலை இருக்கும் இடத்தில், எனக்கு மட்டும் ஒரு வேலையும் இல்லாமல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அது தெரிந்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு படகிலிருந்து குரல் வந்தது.

"தம்பி! இதக் கொஞ்சம் புடிங்க!"

சாரத்தை மடித்துக் கட்டிய, நரைத்த தாடிக்காரர் ஒருவர் என்னை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கிண்ணியாவைச் சேர்ந்த நசீர் நானா. அந்தப் படகின் சமையலும் அவர் கையில்தான் என்பது பிறகு தெரிந்தது. கரையில் கிடந்த வெங்காய மூட்டையைத் தூக்கித் தரச் சொன்னார். தூக்கிக் கொடுத்தேன். அரிசி மூட்டையைக் காட்டினார். அதையும் கொடுத்தேன். உருளைக்கிழங்கு, சீனி, தேயிலை, தண்ணீர்க் கலன்கள். "பலமான ஆள்தான்" என்றார். மாதக்கணக்கில் என்னைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதன் பிறகு அவர் நங்கூரத்தைத் தூக்கச் சொல்லியிருந்தாலும் தூக்கியிருப்பேன்.

"உள்ள வாங்க. வெங்காயத்த அறைக்குள்ள வெக்கணும்."

ஏறினேன். என் பையையும் ஒருவர் வாங்கி உள்ளே வைத்தார். மரியாதையான மனிதர்கள் என்று நினைத்தேன்.

படகின் தலைவரை அங்கே தண்டையல் என்பார்கள். அவர் பெயர் செல்வராசா. ஐம்பது வயதிருக்கும். கடல் காற்றில் உலர்ந்து கறுத்த உடம்பு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஐஸ் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கேட்டார்:

"... பஸ்ஸிலயோ வந்தனீங்கள்?"

முன்னால் ஏதோ ஓர் ஊர்ப் பெயர் சொன்னார். அது இயந்திரத்தில் அரைபட்டுப் போய்விட்டது.

"ஓம், பஸ்ஸிலதான் வந்தனான்."

"கடல் பிடிக்குமோ?"

"நல்ல விருப்பம், அண்ணை."

"வீட்டில பெண்சாதி பிள்ளையள்?"

"வீட்டில ஒருத்தரும் இல்லை. நான் தனி."

அவர் முகம் மலர்ந்தது. என் தனிமையைக் கேட்டு ஒருவர் மகிழ்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப நாள் கொஞ்சம் கூடினாலும் கரைச்சல் இல்லையோ?"

ஏலம் முடிந்து மீன் வாங்கப் பிந்துவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். 'நாள்' என்று சொன்னதை நான் 'நேரம்' என்று எடுத்துக்கொண்டேன்.

"எனக்கு ஒரு அவசரமும் இல்லை, அண்ணை. என்னை ஆரும் தேடமாட்டினம்."

"இப்பிடி ஒரு ஆளைத்தான் நான் இவ்வளவு காலமும் தேடினனான்," என்று என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

யோசித்துப் பாருங்கள். கல்யாணத் தரகர் முதல் வீட்டுக்கார அம்மா வரை எல்லோரும் உதட்டைப் பிதுக்கிய என் தகுதிகள் அத்தனையையும் ஒருவர் தலையில் தூக்கி வைக்கிறார். கண் கலங்கிவிட்டது. நசீர் நானா கீழே அடுப்படியில் என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தார். "இஞ்சி போட்டிரிக்கன், குடிங்க." கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் தன் மூன்று பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேலே யாரோ தலைகளை எண்ணும் குரல் கேட்டது. "கீழ ரெண்டு பேர், எல்லாமா ஆறு. சரி!" என்றார்கள். எங்கோ ஓர் இயந்திரம் உறுமியது. பக்கத்துப் படகு புறப்படுகிறது என்று நினைத்தேன். இரண்டாவது கோப்பையும் குடித்தேன்.

மேலே ஏறி வந்தபோது விடிந்திருந்தது. துறைமுகத்தைக் காணவில்லை.

முதலில், அதைத்தான் யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று தோன்றியது. பிறகுதான் அது தூரத்தில், தீப்பெட்டி அளவில், பின்னுக்குப் போய்க்கொண்டிருப்பதைக் கண்டேன். இரண்டு பக்கமும் பச்சைக் குன்றுகள் விலகிக்கொண்டிருந்தன. முன்னால் குடா அகலமாகத் திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் மூதூர்க் கரை மங்கலாகத் தெரிந்தது. அதற்கும் அப்பால் ஒன்றுமே இல்லை.

சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்த செல்வராசா அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, நாங்கள் எத்தனை மணிக்குத் திரும்புவம்?"

"மணியோ?" என்றார். "ஒரு மாசம் ஆகும்."

"எனக்குத் திங்கக்கிழமை கந்தோர் இருக்கு."

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்கள் ஆர்?"

"நான் மீன் வாங்க வந்தனான்."

இயந்திரத்தை நிறுத்தினார். அந்த அமைதியில் படகில் இருந்த எல்லோரும் அந்த வாக்கியத்தை மறுபடி ஒருமுறை கேட்க விரும்பினார்கள். சொன்னேன். ஒருவர் சிரித்துச் சிரித்து வலைக் குவியலில் விழுந்தார். நசீர் நானா தலையில் கை வைத்துக்கொண்டு, "அல்லாஹ்வே! பொடியன் ரெண்டு தேத்தண்ணி குடிச்சானே!" என்றார்.

நடந்தது இதுதான். வெருகலிலிருந்து தவம் என்ற புதுத் தொழிலாளி ஒருவர் அன்று காலை பஸ்ஸில் வந்து சேரவேண்டும். அவரை யாரும் முன்பு பார்த்ததில்லை. வெளிறிய ரீசேட்டும் பெரிய பையுமாக, போகும் இடம் தெரியாமல், படகுகள் கட்டும் ஜெட்டியில் ஒருவன் நின்றதும், அவன்தான் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். நான் சொன்ன பதில்களில் ஒன்றாவது அவர்களுக்குச் சந்தேகத்தைத் தரவில்லை.

"திரும்பிப் போக ஏலாது," என்றார் செல்வராசா அண்ணை. "சின்ன போட் ஒண்டைக் கூப்பிட்டுத்தான் உங்களை அனுப்ப வேணும். அது வருமட்டும் இதில நிப்பம். முதல்ல உங்கட ஆக்களுக்குச் சொல்லுங்கோ. பயந்து தேடுவினம். போன் வேலை செய்யுதுதானே?"

வேலை செய்தது. கையில் எடுத்தேன். படகில் ஐந்து பேரும் சுற்றி நின்று, நான் யாரை அழைக்கப்போகிறேன் என்று பார்த்தார்கள்.

அம்மாவுக்குச் சொல்ல முடியாது. கடல் என்ற சொல்லோடு மயங்கி விழுந்துவிடுவார். அடுத்தது என் மேலதிகாரி. சனிக்கிழமை விடியக்காலையில் அவரை எழுப்பிக் கடலில் நிற்கிறேன் என்று சொன்னால், லீவுக்குப் புதுவிதமாகக் கேட்கிறான் என்று நினைப்பார். அடுத்தது ஒரு முச்சக்கர வண்டிக்காரர். பிறகு பெயர்கள் முடிந்துவிட்டன. ஒரு மாதம் நான் இந்தக் கடலோடு போயிருந்தால், இந்த ஊரில் என்னை முதலில் காணவில்லை என்று நினைப்பவர் யார்? பாண் கடைக்காரராக இருக்கலாம். ஒரு றாத்தல் மிஞ்சியிருக்கும்.

ஆனாலும் ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மானம் போகக் கூடாது. வீட்டுக்கார அம்மாவுக்கு எடுத்தேன். சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"ஆர் கதைக்கிறது?"

பெயரைச் சொன்னேன்.

"எந்த?"

"பின் அறையில இருக்கிறன், அம்மா."

"ஓ, பின் அறைத் தம்பியோ! தண்ணி மோட்டரை நிப்பாட்டிப்போட்டோ போனனீங்கள்?"

"ஓம், அம்மா. நான் கடலில நிக்கிறன்."

"நல்லது தம்பி. வரேக்க கேற்றைப் பூட்டுங்கோ." வைத்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு நேரமும் விழுந்து விழுந்து சிரித்தவர்கள், அந்த இடத்தில் சிரிக்கவில்லை. ஒருவர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். செல்வராசா அண்ணை, "உங்கட நம்பரை ஒருக்காத் தாங்கோ" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. (நம்பர் கேட்டால் கொடுக்கும் நிலைமையில்தான் இருந்தேன்.)

கொஞ்ச நேரத்தில் அவருடைய தொலைபேசி அடித்தது. உண்மையான தவம்தான். "அண்ணை, மூதூரில பஸ் பழுதாப்போச்சு. இப்பதான் ஜெட்டிக்கு வந்தனான். போட்டைக் காணேல்லை!"

"போட் இஞ்ச நிக்குது. உன்ர இடத்தில ஒரு கந்தோர் ஐயா நிக்கிறார். ஒரு பைபர் போட்டைப் பிடிச்சுக்கொண்டு வா, மாத்துவம்."

காத்திருந்த நேரத்தில்தான் கடல் எனக்குத் தன் சுயரூபத்தைக் காட்டியது. ஓடும்போது ஒன்றும் செய்யாத அலை, நின்றதும் படகைத் தொட்டில் போல் ஆட்டியது. குடித்த இரண்டு தேத்தண்ணியும் மேலே வந்தன. ஓடிப்போய்ப் பிடிக்கத் தோதாக என் பைதான் கிடைத்தது. மீனுக்கென்று கொண்டுபோன பை கடைசியில் அதற்குப் பயன்பட்டது. நசீர் நானா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கை ஐசில் கிடந்து சில்லென்றிருந்தது. எனக்கு வாந்தி நின்ற பிறகும், இன்னும் கொஞ்சம் வருவதுபோல் குனிந்தே நின்றேன்.

சின்ன போட் வந்து சேர்ந்தது. தவம் அதிலிருந்து ஒரே தாவில் ஏறினான். நான் அதே இடைவெளியைப் பார்த்துவிட்டு, படகின் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அலை போட்டைத் தூக்கும்போது குதிக்கச் சொன்னார்கள். தூக்கும்போது பயந்தேன். இறங்கும்போது குதிக்க ஆயத்தமானேன். இப்படிச் சில அலைகள் வீணான பிறகு, செல்வராசா அண்ணை பொறுமையிழந்து, "ரெண்டு பக்கமும் பிடியுங்கோடா" என்றார். காலில் இருவர், கையில் இருவர். சற்று முன்பு துறைமுகத்தில் சூரை மீனைத் தூக்கிய அதே முறையில் என்னை இறக்கினார்கள்.

"தம்பி, பத்திரமாப் போங்க!" என்று நசீர் நானா கத்தினார்.

படகு திரும்பி வெளிக்கடலை நோக்கிப் போனது. அது சின்னதாகும்வரை கையசைத்தேன். எனக்குக் கரைக்குப் போகப் பிடிக்கவில்லை என்பதைச் சொன்னால் நம்புவீர்களா? வாந்தியும் எடுத்து, உயிரும் பயந்து, மானமும் போன அந்தப் படகில்தான் அன்றுவரை அந்த ஊரில் யாரும் எனக்குத் தந்திராத ஓர் இடம் இருந்தது. அது இன்னொருவனுடைய இடம் என்பதுதான் பிழை.

ஜெட்டியில் ஒரு கூட்டம் எனக்காகக் காத்திருந்தது. செய்தி எனக்கு முன்பே கரையேறிவிட்டது. "புது ஆள் கடலால வந்திட்டார்!" என்று ஒருவர் கத்தினார். "என்ன மீன் பட்டது ஐயா?" என்று இன்னொருவர். ஏலம் கூறியவர் தன் ஏலத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். காலையில் என்னை விலத்தச் சொன்ன அத்தனை பேரும் இப்போது எனக்கு வழிவிட்டு விலத்தி நின்றார்கள். அந்த நேரத்தில் நின்று மீன் வாங்க எனக்குத் துணிவில்லை. போகும் வழியில் பாண் கடையில் ஒரு றாத்தல் பாணும் ஒரு டின் மீனும் வாங்கினேன்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். கட்டில் ஆடியது, கதிரை ஆடியது. டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு, நடந்ததை நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சொல்வதற்கு ஆள் இல்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக, சொன்னால் நாலு பேர் சிரிக்கக்கூடிய ஒரு விசயம் எனக்கு நடந்திருக்கிறது. நாலு பேர்தான் இல்லை.

அன்றிரவு அம்மா வழமைபோலக் கேட்டார்: "இண்டைக்கு ஆரோட கதைச்சனி?"

அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். விலத்து என்றதையும், வெங்காயத்தையும், தண்டையல் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் அப்படியே நடித்துக் காட்டினேன். மறுபக்கத்தில் சத்தமே இல்லை. மயங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அம்மா?"

"என்னை ஆரும் தேடமாட்டினம் எண்டோ சொன்னனி?" என்றார் அம்மா.

அடுத்த சனிக்கிழமை அம்மா கறிச்சட்டியோடு வவுனியா பஸ்ஸிலிருந்து வந்து இறங்கினார். உட்காருவதற்குக் கதிரை ஒன்றுதான் இருந்தது. நான் கட்டிலில் இருந்தேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கறிச்சட்டியைத் திறந்தார்.

ஒரு மாதம் கழித்து, விடியக்காலையில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, செல்வராசா கதைக்கிறன். கரைக்கு வந்திட்டம். நசீர் நானா சோறு வைக்கிறார், உங்களுக்கும் சேத்து. வாறியளோ?"

போனேன். இந்த முறை நங்கூரக் கயிறு கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை படகு வரும்போதும் போனேன். எனக்குப் பதிலாக ஏறிப்போன அந்தத் தவம்தான் என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டான்.

கல்யாணமாகி, திருகோணமலையிலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறோம். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவிக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. என்னை விட நன்றாகச் சொல்வாள். ஏலக்காரர் மாதிரிப் பேசுவாள், வீட்டுக்கார அம்மா மாதிரி மூக்கால் இழுப்பாள். கடையில் நான் கொஞ்சம் பிந்தினால் என் மகள்கூட, "அப்பா எந்த போட்டில ஏறிட்டாரோ!" என்கிறாள். கதையில் தண்டையல் கேள்வி கேட்கும் இடம் வந்ததும் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். "என்னை ஆரும் தேடமாட்டினம்" என்று அவள் என் குரலில் சொல்லும்போதுதான் வீடு அதிரும்.

அம்மாவும் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். கதையை முதலிலிருந்து எல்லோரோடும் சேர்ந்து கேட்டுச் சிரிப்பார். அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மட்டும், "ஆருக்குத் தேத்தண்ணி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார்.